மார்ச் 11-க்கும் ஜனவரிக்கும் நடுவே: ஒரு லெப்டினன்டின் பதவி உயர்வு நாள்

1864 பிப்ரவரி 20. புளோரிடாவின் ஒலஸ்டியில் நடந்த சண்டையில் ஸ்டீபன் ஸ்வெய்ல்ஸுக்குத் தலையில் காயம். 54-ஆவது மாசசூசெட்ஸ் ரெஜிமென்டில், அதன் உட்பிரிவான எஃப் கம்பெனியின் முதல் சார்ஜெண்ட் அவர். அதாவது அதிகாரி அல்ல, சிப்பாய்களில் மூத்தவர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் கறுப்பர்களைச் சேர்த்து அமைத்த அந்த ரெஜிமென்டில் சண்டை நடத்தும் அதிகாரிகள் எல்லோரும் அதுவரை வெள்ளையர்கள். ஸ்வெய்ல்ஸ் களத்தில் நின்ற விதத்தைப் பார்த்த அவருடைய கர்னல் எட்வர்ட் ஹாலோவெல் அவரை மனதாரப் பாராட்டினார். மாசசூசெட்ஸ் கவர்னர் ஜான் ஆண்ட்ரூ, மார்ச் 11 தேதியிட்டு அவருக்கு இரண்டாம் லெப்டினன்ட் கமிஷன், அதாவது அதிகாரி நியமன ஆணை, கொடுத்தார். அதிகாரிகளில் அதுதான் முதல் படி.

ஆனால் மத்திய அரசின் பட்டியலில் அவர் லெப்டினன்டாக ஏறியது 1865 ஜனவரியில். நடுவில் பத்து மாதம்.

அந்தப் பத்து மாதமும் அவர் யார்? கவர்னர் கொடுத்த தாளைப் பார்த்தால் லெப்டினன்ட். ராணுவத் துறையின் பட்டியலைப் பார்த்தால் சார்ஜெண்ட். ஒரே ஆள், இரண்டு பதவி, இரண்டு தேதி. கீழ்நிலை ராணுவ அதிகாரி ஒருவருடைய பதவி உயர்வு நாளைப் பதிவேட்டில் திருத்துவது என்ற விஷயம் கேட்பதற்கு வெறும் எழுத்தர் வேலை போலத் தெரியும். ஒரு தேதியை அடித்துவிட்டு இன்னொன்றை எழுத எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் அந்தத் தேதிக்குள் ஒருவருடைய சம்பளம், பணிமூப்பு, ஓய்வூதியம், அவர் செய்த வேலையை அரசு ஒப்புக்கொள்கிறதா இல்லையா என்பது எல்லாம் அடங்கியிருக்கிறது. அமெரிக்கா இதற்கு வழி கண்டுபிடிக்க 80 ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டது. வழி பிறந்த பிறகும் பழைய ஓட்டை ஒன்று இன்னும் முழுசாக அடைபடவில்லை.

சிக்கல் எங்கே தொடங்குகிறது என்றால், அன்றைய தன்னார்வப் படைகளின் அமைப்பிலேயே. ரெஜிமென்டைத் திரட்டுவது மாநிலம். அதன் அதிகாரிகளை நியமிப்பது கவர்னர். ஆனால் சம்பளம் தருவது வாஷிங்டன். அதனால் கவர்னரின் கமிஷன் மட்டும் போதாது. மத்திய அரசின் அதிகாரி ஒருவர் வந்து, ஆளை நேரில் பார்த்து, பட்டியலில் ஏற்ற வேண்டும். இதற்குப் பெயர் மஸ்டர். நம்மூர் நூறு நாள் வேலையில் வருகைப் பதிவேட்டை மஸ்டர் ரோல் என்கிறோமே, அதே சொல்தான். பெயர் ரோலில் இல்லையென்றால் நாள் முழுக்க மண் வெட்டியிருந்தாலும் கூலி இல்லை. அங்கேயும் அதே கதை: எந்த நாளில் மஸ்டர் ஆனாரோ அந்த நாளிலிருந்துதான் பதவியும் பணமும்.

அதனால் ஒரு லெப்டினன்டுக்கு நான்கு தேதிகள் இருக்கும். எந்த நாளிலிருந்து பதவி என்று கமிஷனில் எழுதிய தேதி. கமிஷனில் கையெழுத்தான தேதி. உண்மையில் அந்த வேலையைச் செய்யத் தொடங்கிய தேதி. மஸ்டர் ஆன தேதி. அமைதிக் காலத்தில் இவை பக்கத்துப் பக்கத்தில் விழும். போரில் மாதக்கணக்கில் விலகும்.

சார்ஜெண்டாக இருந்தவருக்கு இன்னொரு கதவும் உண்டு. அதிகாரியாக மஸ்டர் ஆக வேண்டுமானால், முதலில் சிப்பாய்ப் பட்டியலிலிருந்து அவரை விடுவிக்க வேண்டும். ஸ்வெய்ல்ஸை அந்தக் கதவில்தான் நிறுத்தினார்கள். விடுவிக்க மறுத்தார்கள். ஆப்பிரிக்க வம்சாவளியினர் என்பதுதான் காரணம். கவர்னர் ஆண்ட்ரூவும் ரெஜிமென்டின் அதிகாரிகளும் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் 1865 ஜனவரியில் ராணுவத் துறை இறங்கி வந்தது.

அந்த வித்தியாசம் பணத்தில் எவ்வளவு என்று பாருங்கள். 1862-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கறுப்புச் சிப்பாய்க்கு மாதம் 10 டாலர். அதிலும் 3 டாலர் உடைக்கு. சார்ஜெண்ட் ஆனாலும் அதே 10-தான். வெள்ளைச் சிப்பாய்க்கு 13. இந்த அவமானத்தை ஏற்க மாட்டோம் என்று 54-ஆவது ரெஜிமென்ட் சம்பளத்தையே தொடாமல் ஒன்றரை ஆண்டு சண்டை போட்டது. சம ஊதியம் 1864-இல்தான் வந்தது. காலாட்படையில் ஒரு இரண்டாம் லெப்டினன்டுக்குப் படிகளெல்லாம் சேர்த்து மாதம் 105 டாலருக்குக் கொஞ்சம் மேல். ஒரு தேதி எந்தப் பக்கம் விழுகிறது என்பதில் இவ்வளவு இருந்தது.

நிறத்தின் பெயரால் நடந்த அநியாயம் ஸ்வெய்ல்ஸுடையது. ஆனால் தேதி தள்ளிப்போன லெப்டினன்டுகளில் வெள்ளையர்களும் ஏராளம். அவர்களுக்குத் தடையாக நின்றது ஒரு எண். ஒரு காலாட்படைக் கம்பெனி என்றால் 83 பேர் முதல் 101 பேர் வரை இருக்க வேண்டும். 1863 மார்ச் 3-இல் வந்த ஆள்சேர்ப்புச் சட்டம், ரெஜிமென்டின் பலம் குறைந்தபட்ச எண்ணிக்கைக்குக் கீழே போய்விட்டால், மிச்சமிருக்கும் ஆட்களை நடத்தத் தேவையான அளவுக்கு மேல் அதிகாரிகளை நியமிக்கக் கூடாது என்றது. அதன்படி ஆள் குறைந்த ரெஜிமென்டுக்குக் கர்னல் கிடையாது. ஆள் குறைந்த கம்பெனிக்கு இரண்டாம் லெப்டினன்ட் கிடையாது.

கணக்குப் பார்க்கும் மேசையில் இது சரியாகத்தான் தெரிந்திருக்கும். 40 பேருக்கு எதற்கு மூன்று அதிகாரிகள்? ஆனால் களத்திலிருந்து பாருங்கள். கம்பெனி ஏன் 40 ஆனது? சண்டையில் செத்ததால், அடிபட்டதால், காய்ச்சலில் படுத்ததால். லெப்டினன்ட் செத்துப்போகிறார், சார்ஜெண்ட் அவர் இடத்தில் நின்று கம்பெனியை நடத்துகிறார், கவர்னர் மனமுவந்து கமிஷன் அனுப்புகிறார். மஸ்டர் அதிகாரி வந்து தலையை எண்ணுகிறார். ஆள் போதாது, மஸ்டர் இல்லை. எந்தக் கம்பெனி அதிகம் இழந்ததோ, அந்தக் கம்பெனியின் சார்ஜெண்டுக்குத்தான் பதவி கைநழுவியது. எனக்கு இந்த விஷயம் முழுவதிலும் மனதை அறுப்பது இந்த இடம்தான்.

போர் முடிந்தது. இவர்கள் வீடு திரும்பினார்கள். ஊரில் லெப்டினன்ட் என்றார்கள், பதிவேட்டில் சார்ஜெண்ட். காயத்துக்கு ஓய்வூதியம் கேட்கப் போனபோதுதான் பலருக்கும் தேதியின் எடை தெரிந்தது. அன்றைய பொது ஓய்வூதியச் சட்டத்தில் முழு ஊனத்துக்குச் சிப்பாய்க்கும் சார்ஜெண்டுக்கும் மாதம் 8 டாலர், இரண்டாம் லெப்டினன்டுக்கு 15, முதல் லெப்டினன்டுக்கு 17, கேப்டனுக்கு 20. காயம்பட்ட நாளில் என்ன பதவியோ அதுதான் கணக்கு. ஆக, மே மாதம் குண்டடிபட்டு, செப்டம்பரில் லெப்டினன்டாக மஸ்டர் ஆனவருக்கு என்ன நியாயம்?

முதலில் இறங்கி வந்தது ஓய்வூதியச் சட்டம். 1873-இல் அது, முறையாக வழங்கிய கமிஷனுக்குள் எழுதியிருக்கும் தேதியிலிருந்தே பதவியைக் கணக்கிடலாம் என்றது. காலியிடம் இருந்திருக்க வேண்டும், அவர் வேண்டுமென்றே மஸ்டரைத் தட்டிக்கழித்திருக்கக் கூடாது என்பது போன்ற நிபந்தனைகளோடு. சம்பள நிலுவை அப்படியே கிடந்தது. அதற்கு 1884 ஜூன் 3-இல் ஒரு சட்டம் வந்தது. 1887 பிப்ரவரி 3-இல் அதைத் திருத்தினார்கள். 1897 பிப்ரவரி 24-இல் இன்னும் தாராளமாக ஒன்று வந்தது. போர் முடிந்து 32 ஆண்டுகள். அன்று 20 வயது லெப்டினன்டாக இருந்தவர் இப்போது பேரன் எடுத்திருப்பார்.

1897 சட்டத்தின் கட்டுமானத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். தேதியைத் திருத்துவது என்றால் என்ன என்பதை இவ்வளவு தெளிவாகச் சொன்ன சட்டத்தை நான் வேறு பார்த்ததில்லை.

முறையாகக் கமிஷன் பெற்ற ஒருவர், அந்தக் கமிஷன் சொல்லும் தேதியிலிருந்தே அந்தப் பதவியில் மஸ்டர் ஆனவராகக் கருதப்படுவார் என்கிறது அது. கமிஷன் அவர் கைக்கு வந்து சேர்ந்ததா என்பதுகூட முக்கியமில்லை. அன்றைக்கு அந்தப் பதவி காலியாக இருந்திருக்க வேண்டும். அவருடைய படை குறைந்தபட்ச எண்ணிக்கையை எட்டியிருக்க வேண்டும், அல்லது களப்பணிக்கு அனுப்பப்பட்டிருக்க வேண்டும். அந்த 'அல்லது' என்ற ஒரு சொல்தான் 40 பேர் கம்பெனியின் சார்ஜெண்டைக் காப்பாற்றியது. அப்புறம், அவர் அந்தப் பதவிக்கான வேலையை உண்மையிலேயே செய்துகொண்டிருந்திருக்க வேண்டும். அன்று செய்யவில்லை, பின்னால்தான் தொடங்கினார் என்றால், தொடங்கிய நாளிலிருந்து. சிறையில் இருந்தவரும் காயத்தோடு ஆஸ்பத்திரியில் கிடந்தவரும் வேலையை எப்படிச் செய்திருப்பார்கள்? அதையும் யோசித்திருந்தார்கள். கமிஷன் வழங்கிய நாளில் போர்க் கைதியாகவோ, பணியில் பட்ட காயத்தோடு மருத்துவமனையிலோ இருந்தால், வேலை செய்ததாகவே வைத்துக்கொள்ளலாம்.

ஒரு கற்பனை சார்ஜெண்டை வைத்துப் பார்ப்போம். 1864 மே 5, வர்ஜீனியாவின் வில்டர்னஸ் காட்டுச் சண்டையில் அவருடைய லெப்டினன்ட் இறந்துவிடுகிறார். மறுநாளிலிருந்து சார்ஜெண்ட்தான் அவர் இடத்தில் நிற்கிறார். ஜூன் 10-இல் கவர்னர் கையெழுத்திடுகிறார். மே 6 முதல் பதவி என்று கமிஷனில் இருக்கிறது. தபால் ஜூலையில் வருகிறது. மஸ்டர் செப்டம்பர் 20-இல். பழைய கணக்கில் அவர் செப்டம்பர் 20 வரை சார்ஜெண்ட். 1897 சட்டத்தில் மே 6 முதல் லெப்டினன்ட். ஆனால் ஒரே நாளில் ஒருவர் சார்ஜெண்டாகவும் லெப்டினன்டாகவும் இருக்க முடியாதே! அதனால் சிப்பாய்ப் பட்டியலிலிருந்து அவர் விடுபட்ட நாளையும் மே 5-க்கு நகர்த்த வேண்டும். ஒரு தேதியைத் தொட்டால் இன்னொன்று கூடவே நகரும். வாங்கிய சார்ஜெண்ட் சம்பளம் கழிந்து, மிச்ச வித்தியாசம்தான் கைக்கு வரும். அரசு வேலையில் இருப்பவர்களுக்கு இது பழகிய விஷயம். பிற்பகல் விடுவிப்பு, மறுநாள் முற்பகல் பணியேற்பு என்று நம் பணிப்பதிவேட்டில் எழுதுவதும் இதே கவலையில்தான்: நடுவே ஒரு நாள்கூட ஓட்டையாக இருக்கக் கூடாது, ஒரு நாள்கூட இரண்டு தடவை எண்ணப்படக் கூடாது.

சட்டத்தில் 'கருதப்படுவார்' என்ற சொல்லைக் கவனியுங்கள். 1864-இல் எழுதிய மஸ்டர் ரோலை யாரும் அழிக்கவில்லை. அதில் செப்டம்பர் 20 என்று இருந்தால் இன்றும் அப்படியே இருக்கும். அது அன்று நடந்ததற்குச் சாட்சி. மஸ்டர் அதிகாரி அன்றுதான் வந்தார் என்பது பொய்யில்லை. அந்தச் சாட்சிக்குப் பக்கத்தில், இந்த மனிதரை மே 6 முதல் லெப்டினன்டாக இந்தத் துறை கருதுகிறது என்று ஒரு குறிப்பு ஏறும். திருத்தம் என்றால் அடித்து எழுதுவதில்லை, பக்கத்தில் எழுதுவது. பதிவேட்டை மதிப்பவர்கள் செய்யும் வேலை இது.

அந்தக் குறிப்பு எங்கே ஏறியது என்பதும் பார்க்க வேண்டிய ஒன்று. மஸ்டர் ரோல்கள் பெரிய, கோடு போட்ட தாள்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, மாதத்தின் கடைசி நாளில் எடுப்பார்கள். பெயர், பதவி, சேர்ந்த நாள், கடைசியாகச் சம்பளம் வாங்கிய நாள், ஓரத்தில் குறிப்புகள். மடித்து மடித்துப் பிரித்ததில் மடிப்புகள் கிழிய ஆரம்பித்தன. ஒரு விண்ணப்பத்துக்குப் பதில் சொல்ல ஒரு எழுத்தர் பத்து ரோலைப் பிரிக்க வேண்டியிருந்தது. பிரெட் ஐன்ஸ்வர்த் என்ற ராணுவ மருத்துவர் 1880-களின் கடைசியில் இந்த ஆவணப் பிரிவின் பொறுப்புக்கு வந்தார். ஒவ்வொரு ரோலிலும் ஒவ்வொரு ஆளுக்கும் எதிரே இருப்பதை ஒரு சின்ன அட்டையில் படியெடுத்து, ஒரு ஆளின் அட்டைகளையெல்லாம் ஒரே உறையில் போடச் செய்தார்.

அந்த அட்டையைக் கையில் எடுத்தால் தெரியும். மேலே பெயரும் ரெஜிமென்டும். நடுவில், 1864 நவம்பர், டிசம்பர் மாதத்துக் கம்பெனி மஸ்டர் ரோலில் காணப்படுகிறார் என்ற அச்சு வாசகம். வந்திருந்தாரா, வரவில்லையா. குறிப்புகள். அடியில் 'புத்தகக் குறி' என்று ஒரு வரி, அதன் கீழே படியெடுத்தவரின் கையெழுத்து. அந்தப் புத்தகக் குறி பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும். அதில் ஒரு எண் இருந்தால், இந்த ஆளைப் பற்றி வேறொரு கோப்பு இருக்கிறது, ஏதோ கேட்டிருக்கிறார் அல்லது ஏதோ முடிவாகியிருக்கிறது என்று அர்த்தம். உள்நாட்டுப் போர் ஆவணங்களைத் தேடும் குடும்பங்கள் பலரும் கவனிக்காமல் தாண்டிப்போகும் இடம் அது. தேதி மாறிய கதைக்கு வழி அந்த வரிதான்.

ஸ்வெய்ல்ஸ் என்ன ஆனார்? 1865 ஏப்ரலில், போரின் கடைசி நாட்களில், தென் கரோலினாவின் கேம்டன் அருகே மறுபடியும் காயம்பட்டார். முதல் லெப்டினன்டாகப் போரை முடித்தார். போருக்குப் பிறகு தென் கரோலினாவிலேயே தங்கி, கிங்ஸ்ட்ரீ ஊரின் மேயராகவும் மாநில செனட் உறுப்பினராகவும் இருந்தார். 1900-இல் இறந்தார். 1897 சட்டத்தின் வாசகத்தில் காலியிடம் இருக்கிறது, கமிஷன் இருக்கிறது, செய்த வேலை இருக்கிறது. தோலின் நிறம் என்ற நிபந்தனை எங்கேயும் இல்லை. 1864-இல் அவரை நிறுத்தி வைத்த காரணத்துக்கு அந்தச் சட்டத்தில் இடமே கிடையாது.

இந்தச் சட்டங்களுக்குள் அடங்காதவர்கள் என்ன செய்தார்கள்? அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்குப் போனார்கள். ஒருவருக்காக மட்டும் ஒரு மசோதா: இன்னாரின் பதிவை இப்படித் திருத்துக என்று. தொகுதி உறுப்பினர் மனம் வைத்தால் அறிமுகமாகும்; குழுவில் தேங்கும்; கூட்டத்தொடர் முடிந்தால் செத்துப்போகும்; அடுத்த தொடரில் மறுபடியும் முதலிலிருந்து.

இப்படி அலைந்தவர்களில் ஒருவர் ஹென்றி பிளிப்பர். அடிமைத்தனத்தில் பிறந்து, 1877-இல் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் பட்டம் பெற்ற முதல் கறுப்பர். இரண்டாம் லெப்டினன்ட். டெக்சஸில் பணியில் இருந்தபோது 1881-இல் அவர்மேல் ராணுவ விசாரணை நடந்தது. பணம் கையாடினார் என்ற குற்றச்சாட்டு நிற்கவில்லை. அதிகாரிக்குத் தகாத நடத்தை என்று தீர்ப்பாகி, 1882 ஜூன் 30-இல் பதவி நீக்கம் செய்தார்கள். வாழ்நாள் முழுக்கத் தன் பெயரை மீட்கப் போராடினார், அவருக்காகப் பலமுறை மசோதா வந்தது, ஒன்றும் நிறைவேறவில்லை. 1940-இல் இறந்தார்.

அவர் இறந்து ஆறு ஆண்டுகள் கழித்துத்தான் கதவு திறந்தது. 1946-இல் காங்கிரஸ் தன் வேலைமுறையைச் சீரமைக்கும் சட்டம் ஒன்றை இயற்றியது. அதில், ராணுவப் பதிவைத் திருத்தக் கோரும் தனிநபர் மசோதாக்களை இனி எடுத்துக்கொள்ள மாட்டோம் என்றார்கள். பதிலாக, ராணுவ, கடற்படைத் துறைச் செயலாளர்கள் சிவிலியன்களைக் கொண்ட வாரியங்கள் மூலம், பிழையையோ அநீதியையோ சரிசெய்யலாம் என்று அதிகாரம் கொடுத்தார்கள். 1951-இல் செய்த திருத்தம், பதிவு திருந்தியதால் சேர வேண்டிய பணத்தைக் கொடுக்கவும் வழி செய்தது. இன்று அது சட்டத்தொகுப்பின் 10-ஆவது தலைப்பில் 1552-ஆவது பிரிவு.

'பிழை அல்லது அநீதி' என்ற இரண்டு சொற்களைச் சேர்த்துப் போட்டது பெரிய விஷயம். தேதியைத் தப்பாகத் தட்டச்சு செய்தால் அது பிழை. விதிப்படியே எல்லாம் நடந்து, ஆனாலும் ஒருவருக்கு அநியாயமாக முடிந்தால் அது அநீதி. இரண்டாவதையும் கேட்க வாரியத்துக்கு உரிமை உண்டு. 1976-இல் பிளிப்பரின் கோப்பைத் தரைப்படை வாரியம் எடுத்தது. தீர்ப்பை ரத்து செய்யும் அதிகாரம் தனக்கு இல்லை என்றது. ஆனால் தண்டனை அளவுக்கு மீறியது என்று சொல்லி, அதே 1882 ஜூன் 30 தேதியிட்டு அவரைக் கௌரவமாக விடுவித்ததாகப் பதிவை மாற்றியது. தேதி அதேதான், அதற்கு எதிரே இருந்த சொல் மாறியது. தீர்ப்புக்கான மன்னிப்பு, 1999 பிப்ரவரி 19-இல் ஜனாதிபதி கிளின்டனிடமிருந்து தனியாக வந்தது.

சரி, இன்றைக்கு வருவோம். அமெரிக்க ராணுவத்தில் இரண்டாம் லெப்டினன்ட் ஒருவர் முதல் லெப்டினன்ட் ஆகக் குறைந்தது 18 மாதம் சேவை வேண்டும் என்கிறது சட்டம். அங்கிருந்து கேப்டன் ஆக இரண்டு ஆண்டு. முதல் படி பெரும்பாலும் தானாகவே வரும், போட்டி கிடையாது. அதனாலேயே யாரும் கூர்ந்து பார்ப்பதில்லை. பிழை நுழைவதும் அங்கேதான். பதவி உயர்வுக்கு இப்போது இரண்டு தேதிகள். ஒன்று பதவித் தேதி: பணிமூப்பு இதை வைத்துத்தான். இன்னொன்று அமலுக்கு வரும் தேதி: சம்பளம் இதை வைத்து. சாதாரணமாக இரண்டும் ஒரே நாள். பிரிந்தால், எது தப்பு என்று முதலில் தெளிவாக வேண்டும். பணிமூப்பு மட்டும் கேட்டு வாங்கிவிட்டு, அரியர்ஸ் வரவில்லையே என்று பிறகு திரும்பவும் விண்ணப்பிப்பது வீண் அலைச்சல்.

டாக்டர், வழக்கறிஞர் போன்றவர்களுக்கு இன்னொரு சுழி. அவர்கள் படித்த ஆண்டுகளைச் சேவை ஆண்டுகளாகக் கூட்டிக்கொண்டு சேர்ப்பார்கள். அந்தக் கணக்கில் ஒரு கூட்டல் பிசகினால் தொடக்கப் பதவித் தேதியே தப்பு. அதன்மேல் கட்டிய எல்லா உயர்வும் தப்பு. விசாரணை ஒன்று நிலுவையில் இருந்ததால் உயர்வை நிறுத்தி வைத்தவர்கள் இன்னொரு வகை. இவர்களைப் பற்றிச் சட்டமே தெளிவாகப் பேசுகிறது: குற்றமில்லை என்று தெரிந்து உயர்வு கிடைத்தால், தாமதமே நடக்காதது போல அதே பதவித் தேதி, அதே சம்பளத் தேதி, பட்டியலில் அதே இடம்.

தேதியை முன்னுக்கு இழுப்பது எப்போதும் லாபம் என்று நினைக்க வேண்டாம். கேப்டனிலிருந்து மேஜர் ஆகும் தேர்வில் யார் யாரைப் பரிசீலிப்பது என்பதைப் பதவித் தேதியை வைத்துத்தான் வகுப்பார்கள். தேதி ஓர் ஆண்டு முன்னால் போனால், உங்களைவிட ஓர் ஆண்டு கூடுதலாக மதிப்பீட்டு அறிக்கை சேர்த்தவர்களோடு போட்டி போட வேண்டியிருக்கும். ஏற்கனவே கடந்துபோன தேர்வுக்குள்ளும் தேதி உங்களைத் தள்ளிவிடலாம். இரண்டு முறை தேர்வாகாவிட்டால் பெரும்பாலும் வெளியே போக வேண்டியதுதான். இப்படித் தேதிப் பிழையால் தேர்வைத் தவறவிட்டவர்களுக்குச் சிறப்புத் தேர்வுக் குழு என்று ஒன்று சட்டத்தில் இருக்கிறது. திருத்தம் கேட்கும்போதே அதையும் சேர்த்துக் கேட்பது புத்திசாலித்தனம்.

இப்போது அந்தப் பழைய ஓட்டை. மாநிலங்களின் தேசியக் காவல்படையில் ஒருவருக்கு உயர்வு கொடுப்பது மாநிலம். ஆனால் அது மத்திய அளவில் செல்லுபடியாக, வாஷிங்டன் அங்கீகரிக்க வேண்டும். 1916-ஆம் ஆண்டின் தேசியப் பாதுகாப்புச் சட்டத்திலிருந்து வரும் ஏற்பாடு இது. மாநிலத்தின் உத்தரவு வந்துவிடும். ஆள் புதுப் பதவியின் வேலையைப் பார்ப்பார். அங்கீகாரத் தாள் எங்கேயோ மேசை மேசையாக நகர்ந்துகொண்டிருக்கும். பதவித் தேதி அந்தத் தாளின் தேதிதான். கவர்னர் கொடுத்தார், வாஷிங்டன் இன்னும் ஏற்கவில்லை: ஸ்வெய்ல்ஸ் நின்ற அதே வாசல். காரணம் வேறு, அவருக்கு நடந்தது திட்டமிட்ட மறுப்பு, இங்கே நடப்பது நிர்வாகத் தாமதம். ஆனால் காத்திருப்பவரின் சம்பளத்திலும் மூப்பிலும் விழும் அடி ஒரே மாதிரிதான். இப்போது சட்டத்தில் ஒரு வழி சேர்த்திருக்கிறார்கள்: தாமதம் அதிகமாகி, அதற்கு அந்த அதிகாரி காரணமில்லை என்றால், 2024-க்கு முன் மாநிலம் கொடுத்த உயர்வுகளில் தேதியை முன்னுக்கு நகர்த்தலாம், ஆனால் மாநிலம் உயர்வு கொடுத்த தேதிக்கு முன்னால் போக முடியாது. 2024 முதல் மாநிலம் கொடுக்கும் உயர்வுகளுக்கு அது 'நகர்த்த வேண்டும்' என்று மாறியிருக்கிறது. ஆனால் மாநிலத்தின் தேதிக்கு அல்ல; கோப்பு முழுமையாக வாஷிங்டனுக்கு வந்து சேர்ந்த நாள், அதிகாரி அந்தப் பணியிடத்துக்கு வந்த நாள், இரண்டில் எது பிந்தியதோ அதற்கு. என் பார்வையில் பழைய உயர்வுகளுக்கும் அது 'வேண்டும்' என்றே மாற வேண்டும். 1897-இல் ஒரு கிழட்டுச் சிப்பாய்க்கு உரிமையாகக் கொடுத்ததை இன்றைய இளம் லெப்டினன்ட் சலுகையாகக் கேட்டு நிற்கக் கூடாது.

வாரியத்துக்குப் போகும் வழி எளிதுதான். 149 எண்ணுள்ள பாதுகாப்புத் துறைப் படிவம். பிழை தெரிய வந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். தாமதமானாலும் நியாயம் கருதி வாரியம் மன்னிக்கலாம். அதற்கு முன் யூனிட்டிலும் பணியாளர் பிரிவிலும் கேட்டுப் பார்த்திருக்க வேண்டும், இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பத்து விண்ணப்பத்தில் ஒன்பதைப் பத்து மாதத்துக்குள்ளும், எதையும் 18 மாதத்துக்கு மேல் போகாமலும் முடிக்க வேண்டும் என்று சட்டம் கெடு வைத்திருக்கிறது. கிடைக்காவிட்டால் நீதிமன்றம் உண்டு. பணம் கேட்டு மத்திய உரிமைக்கோரல் நீதிமன்றத்துக்குப் போவதற்குக் கெடு ஆறு ஆண்டு.

கஷ்டம் படிவத்தில் இல்லை, நிரூபிப்பதில். அரசின் பதிவு சரி என்ற அனுமானத்தோடுதான் வாரியம் உட்காரும். அதை அசைக்க வேண்டியது விண்ணப்பிப்பவர். நான் அந்த வேலையைச் செய்தேன் என்று சொன்னால் போதாது, அன்றைய தேதியிட்ட தாள் காட்ட வேண்டும். மாநில உத்தரவின் நகல், கோப்பை அனுப்பிய மின்னஞ்சல், எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை எந்தப் பொறுப்பு என்று எழுதியிருக்கும் மதிப்பீட்டு அறிக்கை, மேலதிகாரியின் கையெழுத்துக் கடிதம். 1897-இல் முதியவர்கள், தங்களோடு ஒரே கூடாரத்தில் படுத்தவர்களைத் தேடிப் பிடித்து வாக்குமூலம் வாங்க வேண்டியிருந்தது. அதற்குள் பாதிப் பேர் செத்துப்போயிருந்தார்கள். இன்றைய லெப்டினன்டுக்கு அந்தத் தாள்கள் அவருடைய கணினியிலேயே கிடக்கும், அந்த யூனிட்டை விட்டுப் போகும்வரை. மாற்றல் வருவதற்கு முன்னால் அவற்றை எடுத்து வைத்துக்கொண்டு, தன் பதிவுச் சுருக்கத்தில் பதவித் தேதி என்ற கட்டத்தை ஒருமுறை உத்தரவோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட வேண்டும். மூன்று ஆண்டுக் கணக்கு அந்தக் கட்டத்தில் பிழையைப் பார்த்த நாளிலிருந்து ஓடத் தொடங்கும்.